பால் மறந்தால் மட்டும் போதாது

பூனைக்குட்டி தட்டில் வைத்ததைத் தானாகத் தின்னத் தொடங்கிவிட்டால், வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நான்காவது வாரத்தில் குட்டி கெட்டி உணவில் வாய் வைக்கும். எட்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் பால் மறந்துவிடும். ஆனால், பால் மறப்பது வயிறு தேறியதற்கு அடையாளம். குணம் தேற இன்னும் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் குட்டிகள் படிக்கும் பாடத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒன்று மல்லாந்து கிடந்து, மேலே பாய்ந்த உடன்பிறப்பைப் பின்னங்கால்களால் உதைக்கிறது. மற்றது காதைக் கவ்வுகிறது. கடி அழுந்தியதும் கடிபட்டது வீரிட்டு விலகிவிடுகிறது. விளையாட்டு அங்கேயே நின்றுபோகிறது. வரம்பு மீறினால் தாயும் சீறி, பாதத்தால் ஒரு தட்டு தட்டுகிறது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் அறிகிறது. மனிதக் கை இந்தப் பாடத்தை இவ்வளவு நன்றாக நடத்த முடியாது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 5,700 பூனைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயைப் பிரிந்த பூனைகளிடம் அந்நியரைத் தாக்கும் குணம் கூடுதலாகக் காணப்பட்டது. குறைந்தது 14 வாரம் தாயுடன் விடுவது நல்லது என்பது அவர்களின் பரிந்துரை. வளர்ப்பவர்கள் சொன்ன விவரங்களை நம்பிய ஆய்வுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், காத்திருப்பதால் குட்டிக்கு நட்டமில்லை. அவசரப்பட்டால் ஆயுள் முழுக்கச் சீறும் பூனை மிஞ்சலாம். அப்படிப்பட்ட பூனைதான் கடைசியில் தெருவில் விடப்படுகிறது.

இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதரோடு பழகாத குட்டி பிறகு எளிதில் ஒட்டாதே என்பது வலுவான மறுப்பு. அது உண்மை. அதற்காகக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. பிறந்த வீட்டிலேயே தினமும் கையில் எடுத்துக் கொஞ்சினால் போதும். தாயை இழந்து தெருவில் கிடக்கும் குட்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதை உடனே எடுத்து வந்தாக வேண்டும். அப்போதும் முடிந்தால் உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தே வளர்க்கலாம். பசும்பால் பேதியைக் கிளப்பும். மருத்துவரிடம் கேட்டுக் குட்டிகளுக்கான பால்மாவு கொடுங்கள்.

பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் கைக்குழந்தைக் குட்டி அழகாகத்தான் இருக்கும். கொடுப்பவரும் வாங்குபவரும், 14 வாரம் முடியாவிட்டாலும் 12 வாரமாவது பொறுத்திருங்கள்.