சேற்றுக்கேற்ற சக்கரம்

பந்தயக் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் மாணவ நண்பர்கள் எஞ்சினின் குதிரைத் திறனைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது எஞ்சின் அன்று, சக்கரம். மண் திடலில் ஓடும் ஆட்டோகிராஸ் காருக்கு எந்த டயர், எவ்வளவு காற்று, எவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங் என்று தேர்ந்தெடுப்பதே பாதி வெற்றி. அத்தகைய காரை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அதே தேர்வைப் போகந்தோறும் செய்யும் ஒருவரை அறிவேன். அவர் கீழ்வேளூரில் வாடகை டிராக்டர் ஓட்டும் என் சித்தப்பா.

எங்கள் பகுதி காவிரியின் கடைமடை, களிமண் பூமி. தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது வயலின் மேற்பகுதி கூழாகிவிடும். அதன் கீழே, பல்லாண்டு உழவினால் இறுகிய ஒரு தளம் உண்டு. சக்கரம் அத்தளத்தைப் பற்றினால் வண்டி நகரும். தளம் கெட்டுப்போன இடத்தில் அச்சுவரை இறங்கிவிடும்.

இங்கே முதலில் உதவுவது நாம் பள்ளியிலேயே படித்த விதிதான். எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஒரு பின்சக்கரத்தின்மேல் 650 கிலோ எடை இருப்பதாகவும், டயர் 1,300 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மண்ணைத் தொடுவதாகவும் கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம் ஏற்படும். டயரின் வெளிப்பக்கம் அரைக் கேஜ் வீலைப் பூட்டிப் பரப்பை இரட்டித்தால் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். அதன் இரும்புப் பட்டைகள் சேற்றைத் துடுப்புபோலத் தள்ளவும் செய்யும். சேறு மிக ஆழமெனில் டயரையே கழற்றிவிட்டு முழுக் கேஜ் வீல் மாட்டுவார்கள். ஆனால் அதே பட்டைகள் தார்ச்சாலையைப் பெயர்த்துவிடும். ஆகவே கேஜ் வீலோடு சாலையில் ஓட்டக் கூடாது.

காய்ந்த நிலத்தில் இழுவைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவதுண்டு. சேற்றிலோ அந்த எடையே பகை. தண்ணீரை இறக்கிவிட வேண்டும். ஓரிடத்து நன்மை மற்றோரிடத்தில் தீமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி ஸ்பிரிங். காரில் நான்கு சக்கரமும் தரையை விடாதிருக்க ஸ்பிரிங் வைக்கிறார்கள். டிராக்டரின் பின் அச்சுக்குப் பொதுவாக ஸ்பிரிங் கிடையாது. காற்றடைத்த டயரே ஸ்பிரிங். முன் அச்சோ நடுவில் ஒரே முளையில் தொங்கி, ஏற்றப் பலகைபோல் இருபுறமும் ஆடும். ஒரு முன்சக்கரம் வரப்பிலும் மற்றது பள்ளத்திலும் இருந்தாலும் இரண்டும் மண்ணை விடுவதில்லை. பின்சக்கரங்களின் இடைவெளியை அகலமாக வைத்துக்கொண்டால் வரப்பேறும்போது பக்கவாட்டில் சாயும் அபாயமும் குறையும்.

இவையெல்லாம் தெரிந்த சித்தப்பாவே சென்ற ஆண்டு சம்பா உழவில் தப்பிப் பிழைத்தார். வண்டி உளையில் சிக்கியது. வழக்கம்போல் பின்சக்கரங்களோடு ஒரு கட்டையைச் சங்கிலியால் பிணைத்து, முன் கியரில் கிளப்பினார். கட்டை சேற்றில் முட்டிக்கொண்டது, சக்கரம் சுழலவில்லை. முன்பக்கம் ஆளுயரம் எழும்பிவிட்டது. கிளட்சை மிதித்ததால் உயிர் பிழைத்தார். அன்றிரவு என்னைக் கேட்டார்: “ஏன் தம்பி, ஒன் படிப்புல இதுக்கு ஒரு கணக்கு இருக்கா?”

“இருக்கு சித்தப்பா” என்றேன். எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதற்குச் சமமான எதிர்த்திருப்பம் வண்டியின் உடல்மீது பின்னோக்கி விழுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியின் விளைவு இது. சக்கரம் உருண்டால் வண்டி முன்னேறும். சக்கரத்தைக் கட்டிப்போட்டால், அச்சை மையமாகக் கொண்டு வண்டியே சுழலும். ஒன்றரை விநாடிக்குள் முழுவதும் கவிழ்ந்துவிடக்கூடும். கால் கிளட்சைத் தேடவே முக்கால் விநாடி ஆகும்.

இந்த ஆபத்து புதிதன்று. பழைய டிராக்டர்களில் கலப்பை கல்லில் மாட்டினால் முன்பக்கம் எழும்பும். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்கூசன் 1926-ல் காப்புரிமை பெற்ற மும்முனை இணைப்பு, கலப்பையின் இழுவிசையையே முன்சக்கரங்களை அழுத்தும் விசையாக மாற்றியது. சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வழியே அவர் பெயர் நம் வயல்களுக்கும் வந்தது. அவருடைய ஆய்வுக்கூடம் உருவாக்கிய பி 99 என்னும் நான்கு சக்கர இழுவைப் பந்தயக் காரை ஓட்டி, 1961-ல் இங்கிலாந்தின் அவுல்டன் பார்க்கில், ஈரத் தடத்தில் ஸ்டர்லிங் மாஸ் வென்றார். வயலுக்கும் பந்தயத்துக்கும் விதி ஒன்றுதான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால் கட்டையைப் பிணைத்தால் பெர்கூசனின் இணைப்பும் காப்பாற்றாது. ஆகவே சிக்கிய வண்டியில் கருவியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வெட்டி, பின் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். அப்போது எதிர்த்திருப்பம் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும். அதற்கும் அசையாவிட்டால் மற்றொரு வண்டியை மேட்டில் நிறுத்தி, நீண்ட சங்கிலியை இரு வண்டியிலும் அச்சுக்குக் கீழே தாழ்வாக மாட்டி இழுக்கலாம். கவிழ்வுக் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இருந்தால் இன்னும் நல்லது.

கிராமத்திலிருந்து வரும் நண்பர்கள் இதை வீட்டில் ஒருமுறை சொல்லுங்கள். சித்தப்பாவின் டிராக்டரில் கட்டை கிடந்த இடத்தில் இப்போது நீளமான சங்கிலி கிடக்கிறது.