பாட்டி பாட்டுக்கு எத்தனை மைக் வேண்டும்?



சென்ற தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஈப்போவில் தொழிற்சாலை வேலை. கையில் ஒரு காகிதம். எட்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றின் படமும் விலையும் அதில் இருந்தன.

“சார், தவணையில வாங்கிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

“எதுக்கு தம்பி இது?”

“பாட்டி பாடுறதப் பதிவு பண்ணணும் சார்.”

அவன் பாட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, சனங்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள். பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அவர் நெஞ்சில்தான் இருக்கின்றன. கூடச் சேர்ந்து பாடியவர்களில் பலர் இன்று இல்லை. “போன வருசம் முழுசா பாடின பாட்டுல இந்த வருசம் நாலு அடி மறந்துட்டாங்க சார்” என்றபோது அவன் குரல் கம்மியது.

அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடப் போகிறார்கள்?”

“பாட்டி மட்டும்தான் சார்.”

“அப்படியானால் எட்டு வாய் எதற்கு? இரண்டு போதும்.”

இதே கேள்வியை நீங்களும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில்தான் 1,700 ரிங்கிட் ஆனது. அப்படிச் சம்பாதிக்கும் குடும்பத்தில் தேவையில்லாத ஆறு துளைகளுக்குப் பணம் கட்டுவது நியாயமாகாது.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

மைக்கிலிருந்து வருவது மிகச் சிறிய மின்சாரம். கணினிக்குப் புரிவது எண்கள் மட்டும். மின்சாரத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, யூஎஸ்பி கம்பி வழியே கணினிக்கு அனுப்புவதே ஆடியோ இன்டர்ஃபேஸின் வேலை. பதிந்ததைக் காதுக்குத் திருப்பித் தருவதும் அதுதான்.

‘லேப்டாப்பிலேயே மைக் துளை இருக்கிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே குரலைப் பெருக்கும் பாகம் பெரும்பாலும் மலிவானது. மற்ற பாகங்களின் இரைச்சலும் அதில் கலந்துவிடும். என் மாணவனின் முதல் முயற்சியில் பாட்டியின் குரலை விட ‘உஸ்’ என்ற சத்தமே பெரிதாகக் கேட்டது.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதியது. இன்றைய சாதாரணப் பெட்டிகளும் அந்த அளவை எட்டிவிடுகின்றன. முடிந்தால் 24 பிட் உள்ளதாகப் பாருங்கள். காரணம் சொல்கிறேன். மங்கு நிறைய பால் நின்றால் ஒரு மழைத்துளிக்கே வழிந்துவிடும் அல்லவா? ஒலியும் அப்படித்தான். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் குரல் வழிந்து கிழிந்துவிட்டது என்று பொருள். அதைப் பிறகு சரிசெய்வது கடினம். 24 பிட் பெட்டியில் பாதி மங்கு அளவுக்கே பதிந்தாலும், பின்னால் ஒலியைக் கூட்டும்போது இரைச்சல் தலை தூக்காது.

‘192’ என்று பெரிய எழுத்தில் போட்டு விலையை ஏற்றினால் மயங்க வேண்டாம். நாற்பத்து எட்டாயிரம் அளவு நம் வேலைக்குத் தாராளம். ஒரு மைக்கில், 24 பிட்டில், ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறக்குறைய அரை ஜிகாபைட் இடம் பிடிக்கும்.

கடையில் எதைப் பார்ப்பது?

முதலாவது, மைக் துளை. மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் துளை கட்டாயம் வேண்டும். ஒருவர் பாட ஒன்று போதும். பாட்டும் உடுக்கையும் சேர்ந்தால் இரண்டு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் ‘சோலோ’வுக்கு ஒரு மைக் துளை, ‘2ஐ2’வுக்கு இரண்டு. பெஹ்ரிங்கரின் ‘யூஎம்சி22’ போன்ற மலிவான பெட்டிகளும் உண்டு. ஆனால் அது 16 பிட். அதே நிறுவனத்தின் ‘யூஎம்சி202எச்டி’ 24 பிட்.

இரண்டாவது, பெருக்கும் சக்தி. இதைக் ‘கெயின்’ என்பார்கள். வயதானவர்களின் குரல் மெலிது. மலிவான பெட்டியில் கெயினை முழுக்கத் திருகினால் இரைச்சல் வரும். குறைந்தது 50 டெசிபெல், 55-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் முன்னாலேயே முழுக்கத் திருகி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ‘48வி’ என்று எழுதிய பொத்தான். கண்டென்சர் மைக்குக்கு அந்த மின்சாரம் வேண்டும். டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை. தகரக் கூரை, மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி உள்ள இடத்தில் டைனமிக் மைக்கே நல்லது. கண்டென்சர் அறையில் உள்ள அத்தனை சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும். டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் அகலத்தில் வையுங்கள்.

நான்காவது, ‘டைரக்ட் மானிட்டர்’ வசதி. பாடுபவரின் குரல் கணினிக்குள் போய்த் திரும்பக் கொஞ்சம் நேரமாகும். பழைய லேப்டாப்பில் இது நன்றாகவே தெரியும். தன் குரலே பின்னால் துரத்தி வந்தால் யாருக்குத்தான் தாளம் நிற்கும்? இந்த வசதி இருந்தால் குரல் கணினிக்குள் போகாமல் நேரே காதுக்கு வந்துவிடும்.

ஐந்தாவது, பழைய பெட்டி வாங்குபவர்களுக்கு. உங்கள் விண்டோஸுக்கு ஏற்ற டிரைவரைத் தயாரித்த நிறுவனம் இன்னும் தருகிறதா என்று பாருங்கள். ஃபயர்வயர் கம்பியில் இயங்குவது என்றால் விட்டுவிடுங்கள். இன்றைய லேப்டாப்புகளில் அந்தத் துளை கிடையாது.

பதிவு செய்யும் மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம்தான்.

உருமி மேளக் குழு வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உருமிக்குக் கெயினைக் குறைத்து வையுங்கள். அப்போதும் சிவப்பு எரிந்தால் மைக்கைத் தள்ளி வையுங்கள். பாடுபவருக்கு ஒன்று, மொத்த மேளத்துக்கும் எட்ட நின்று ஒன்று என இரண்டு மைக்கிலேயே நல்ல பதிவு வரும்.

மறக்கக் கூடாதவை

நம் கிந்தா பள்ளத்தாக்கில் மாலை இடி பொல்லாதது. வானம் கறுத்தால் முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அது நின்றுவிடும். பதிந்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், என்ன தேதி என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத பதிவு நாளை யாருக்கும் பயன்படாது.

என் மாணவன் இரண்டு துளைப் பெட்டியே வாங்கினான். மிச்சப் பணத்தில் ஒரு டைனமிக் மைக், தாங்கி, ஹெட்போன். ஒரு ஞாயிறு காலை, மழை வருமுன், விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். பாட்டி முதலில் கூச்சப்பட்டார். பிறகு பதினொரு பாட்டு பாடினார். மறந்துபோன அடிகளில் இரண்டு, பாடப்பாட அவருக்கே திரும்பி வந்தன. மற்ற இரண்டு வரவேயில்லை.

ஹெட்போனை மாட்டிவிட்டுப் பதிவை ஓட்டினான். பாட்டி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். “வாத்தியாரையா, இது நானா? எங்கம்மா பாடுறாப்பல இருக்குதே!” என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குரல் இருக்கும். பெட்டி வாங்க இன்று வசதியில்லை என்றால் கைத்தொலைபேசியிலாவது பதிந்து வையுங்கள். நல்ல பெட்டியை அடுத்த வருடமும் வாங்கலாம்.