வதந்தி எங்கே பிறக்கிறது?



விடியுமுன் கம்பெனி பேருந்து ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நம் குடும்பங்களில் உண்டு. நாலு பேருக்குக் கூலி கொடுத்து வேலை வாங்குகிறவர்களும் நம்மில் உண்டு. இரு சாராரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி இது.

2021 டிசம்பர் மாதம். நம் மாவட்டத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் செல்போன் தயாரிக்கும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில், கெட்டுப்போன உணவால் பலருக்கு வயிற்றுப்போக்கு. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று உடன் வேலை செய்த பெண்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு கைப்பேசிகளில் பரவியது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

யாரும் இறக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால் நம்புகிற நிலையில் அவர்கள் இல்லை. மாவட்ட ஆட்சியர் ஆர்த்தி, சிகிச்சையில் இருந்தவர்களை வீடியோ அழைப்பில் பேசவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. சில விடுதிகளும் உணவறைகளும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது.

வதந்தியை நம்பியது அந்தப் பெண்களின் அறியாமை என்று சொல்லிவிடலாம். அது நியாயமாகாது. சாப்பாடு, தங்குமிடம் பற்றிய குறைக்குச் செவி கிடைக்காத இடத்தில், ஆபத்து நேரத்தில் மேலிருந்து வரும் நல்ல செய்தியைக்கூட யாரும் நம்பமாட்டார்கள். நம்பிக்கை அன்றாடம் சேர்க்கிற சேமிப்பு. அவசரத்தில் கடன் வாங்க முடியாது.

தொடக்கத் திருச்சபையிலும் உணவை வைத்துத்தான் முணுமுணுப்பு எழுந்தது. பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் குறைபட்டார்கள். திருத்தூதர்கள் குறை சொன்னவர்களைக் கண்டிக்கவில்லை. எல்லாரையும் கூட்டிப் பேசி, எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். தேர்ந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்களின் மொழி தெரிந்தவர்கள் கையிலேயே பொறுப்பு வந்தது என்று பொருள்.

ஆகவே, வேலை வாங்குகிறவர்களே, பிரச்சினை வந்த அன்றே தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது சொல்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குறை சொன்னவரை மறுநாள் வேறு ஷிப்டுக்கு மாற்றாதீர்கள். அதைப் பார்த்த பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வேலை செய்கிற பிள்ளைகளே, குறையை நாள், நேரம், இடத்தோடு, சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன், நேரில் பார்த்தவர் யார் என்று கேளுங்கள்.

பெற்றோரே, பிள்ளை வீடு திரும்பியதும் சம்பளத்தைக் கேட்குமுன், சாப்பாடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஆமென்.