அனுமதிப்பத்திரமும் கலைவடிவமும்: இலண்டன் மியூசிக் ஹோல் பற்றிய ஒரு குறிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலண்டன் உழைப்பாளரின் பிரதான பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விளங்கிய 'மியூசிக் ஹோல்' எனும் இசைமண்டபத்தில் முழுநீள நாடகம் நடிக்கப்படவில்லை. பாட்டு, நடனம், கழைக்கூத்து, விகடம், மாயவித்தை எனத் துண்டு நிகழ்ச்சிகளே ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. இத்துண்டுத் தன்மையைப் பாமரரின் இரசனைக் குறைவாகக் கண்ட கனவான்கள் பலர். அதன் காரணத்தை அக்காலச் சட்டங்களிலே தேடுவது பொருத்தமாகும்.

வசன நாடகம் நடிக்கும் உரிமை இலண்டனிலே நெடுங்காலம் றூரி லேன், கொவன்ற் கார்டன் ஆகிய பட்டயம் பெற்ற அரங்குகளிடமே பெரும்பாலும் தங்கியிருந்தது. 1843 ஆம் ஆண்டின் அரங்குச் சட்டம் இவ்வேகபோகத்தை நீக்கிற்று. ஆயின் வேறொரு வேலியும் எழுந்தது. நாடக அனுமதி பெற்ற இடத்திலே பார்வையாளர் கூடத்தில் மது பரிமாறலாகாது. மது பரிமாறுவோருக்கு நீதவான்கள் வழங்கும் இசை, நடன அனுமதி மாத்திரமே கிட்டும். தவறணை முதலாளியின் இலாபம் மதுவில் இருந்தமையால் அவர் நாடகத்தைக் கைவிட்டுப் பாட்டைத் தெரிந்துகொண்டார்.

1852 இல் சாள்ஸ் மோட்டன் லாம்பெத்திலே தமது தவறணையை அடுத்துக் கன்ரபரி மண்டபத்தைத் திறந்தார். மேசைகளைச் சூழ்ந்திருந்து உண்டும் குடித்தும் புகைத்தும் மக்கள் பாட்டுக் கேட்டனர். சிறு சுத்தியலுடன் அமர்ந்திருந்த தலைவர் ஒருவர் பாடகரை அறிமுகஞ் செய்வார். கோப்பைகளின் ஓசையை மீறிச் சபையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தமையாற் பாட்டு சுருக்கமாயும், பல்லவி சபையோர் சேர்ந்து பாடத்தக்கதாயும் அமைந்தது. வீட்டு வாடகை, அடகுகடை, மாமியார், குடி ஆகியனவே பாடுபொருள்கள்.

1878 இவ்வரங்கின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. ருசிய-துருக்கிய யுத்தத்தையொட்டி மக்டேமற் பாடிய யுத்தவெறிப் பாட்டொன்றிலிருந்தே 'ஜிங்கோயிசம்' என்ற சொல் பிறந்தது. ஆனால் போருக்குப் போக விரும்பாத எளியவனின் குரலில் அதனை எள்ளிப் பாடிய ஹேபட் கம்பெல்லும் இதே மேடைக்குரியவரே. முதற்பாட்டை மட்டும் நினைவிற் கொண்டு மியூசிக் ஹோலை ஏகாதிபத்தியத்தின் ஊதுகுழலென்பது அவசர முடிவாகும். 1974 இல் கரெத் ஸ்ரெட்மன் ஜோன்ஸ் எழுதிய கட்டுரை இதனை 'ஆறுதற் பண்பாடு' என்ற கருத்தினால் விளக்கிற்று. இது ஆழமான கணிப்பு. எனினும் மேடைக்குப் பின்னால் நிகழ்ந்த தொழிலுறவுகளை அது போதியளவு வெளிப்படுத்தவில்லை என்பது எமது கருத்து.

அதே 1878 இல் வந்த பாதுகாப்பு விதிகளுக்கேற்பக் கட்டடத்தைத் திருத்தப் பணமில்லாத சிறு மண்டபங்கள் மூடப்பட்டன. பெருமூலதனம் உட்புகுந்தது. மொஸ், ஸ்ரோல் போன்றோரின் சங்கிலி அரங்குகளிலே மேசைகள் மறைந்து நிலையான ஆசன வரிசைகள் வந்தன. ஒரே இரவில் இரு காட்சிகள் நடந்தன. எந்த மதுவுக்காக நாடகம் துறக்கப்பட்டதோ அந்த மதுவும் படிப்படியாகக் கூடத்தை விட்டு வெளியேறிற்று. துண்டு நிகழ்ச்சி முறை மட்டும் நிலைத்தது. கலைஞரை நிமிடக் கணக்கில் வாங்க அது முதலாளிக்கு வசதியாயிருந்தது.

மேலதிகக் காட்சிகளுக்கு ஊதியமின்மையையும், அயல் அரங்குகளிற் பாடுவதைத் தடுத்த ஒப்பந்த விதிகளையும் எதிர்த்து 1907 இல் கலைஞரும் வாத்தியக்காரரும் மேடைத் தொழிலாளரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். மிகுந்த ஊதியம் பெற்ற மேரி லொயிட் அவர்களின் பக்கம் நின்றார். 1912 இல் மன்னர் முன்னிலையில் முதன்முதலாக நடைபெற்ற பல்சுவை அரங்கிலே அவருக்கு இடமளிக்கப்படவில்லை.