மூழ்கும் நேரத்தைக் கணக்கிட்டவர்

1912 ஏப்ரல் 14, இரவு 11.40. வட அட்லாண்டிக்கில் டைட்டானிக்கின் வலப்பக்கம் ஒரு பனிப்பாறையில் உரசியது. பயணிகளில் பலர் தூக்கம்கூடக் கலையவில்லை. கேப்டன் எட்வர்ட் ஸ்மித் அழைத்து வரச் சொன்னது தாமஸ் ஆண்ட்ரூஸை. பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தில் அந்தக் கப்பலின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் அவர், வயது 39. கீழ்த்தளங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், கப்பல் பிழைக்காது, அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் என்றார்.

ஓட்டையை அளக்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்ல அவரால் எப்படி முடிந்தது? கப்பலின் அடிப்பகுதியை 15 குறுக்குச் சுவர்கள் 16 அறைகளாகப் பிரித்திருந்தன. முன்புறம் நான்கு அறைகள் நிரம்பினாலும் கப்பல் மிதக்கும். அன்று ஐந்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஆறாவதிலும் கசிவு. குறுக்குச் சுவர்களோ நீர்மட்டத்துக்கு மேல் சில மீட்டர் உயரத்தோடு நின்றுவிட்டவை. பணியாரச் சட்டியைச் சாய்த்துப் பிடித்து முதல் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான் நடந்தது. முகப்பு தாழத் தாழ, ஓர் அறை நிரம்பி அடுத்ததில் வழிந்தது. எத்தனை அறைகள் என்று தெரிந்தவுடனே ஆண்ட்ரூஸுக்கு முடிவும் தெரிந்துவிட்டது.

பனிப்பாறை கப்பலின் பக்கவாட்டை 90 மீட்டர் நீளத்துக்குக் கிழித்துவிட்டதாகப் பல காலம் நம்பினார்கள். ஆனால் ஆண்ட்ரூஸின் சக பொறியாளர் எட்வர்ட் வைல்டிங், தண்ணீர் புகுந்த வேகத்தை வைத்து, மொத்தத் திறப்பு சுமார் 12 சதுர அடிதான் என்று 1912 விசாரணையிலேயே கணக்குச் சொன்னார். ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும் அளவு. 1996இல் கடலடிச் சேற்றில் புதைந்த முகப்பை ஒலியலைகளால் ஆராய்ந்தபோது ஆறு மெல்லிய பிளவுகள் தெரிந்தன. அவற்றின் மொத்தப் பரப்பும் ஏறக்குறைய அதுவே. காகிதத்தில் போட்ட கணக்கு 84 ஆண்டுகள் கழித்து உறுதியானதை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

ஆண்ட்ரூஸ் 16 வயதில், 1889இல், அதே நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் தொழில் பழகச் சேர்ந்தவர். நிறுவனத்தை நடத்தியவர் தாய்மாமன்தான்; ஆனாலும் தச்சு வேலை முதல் வரைபடக்கூடம் வரை பட்டறை பட்டறையாகத்தான் மேலே வந்தார். முதல் பயணத்தில் குறைகளைக் கண்டறிய எட்டுத் தொழிலாளர்களோடு ஏறினார். தொப்பி மாட்டும் கொக்கிகளில் திருகாணி அதிகம் என்பதுகூட அவர் கவனத்துக்குத் தப்பவில்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவரும் கரை திரும்பவில்லை.

குறுக்குச் சுவர்களின் உயரக் குறைவில் அவருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படகுப் பற்றாக்குறையின் பெரும்பழி 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதியைச் சேரும். 10,000 டன்னைத் தாண்டிய கப்பல் எவ்வளவு பெரிதானாலும் 16 படகுகள் போதும் என்றது அது. 46,000 டன் டைட்டானிக்கில் இருந்தவை 20 படகுகள், 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்ததோ சுமார் 2,200 பேர். குண்டூரிலிருந்து தாயோடும் தம்பி தங்கையோடும் புறப்பட்ட 12 வயது ரூத் பெக்கர் 13ஆம் எண் படகில் தப்பினாள். மற்ற மூவரும் வேறு படகில் பிழைத்தார்கள். சுமார் 1,500 பேர் இறந்தனர்.

கடைசி இரண்டு மணி நேரமும் ஆண்ட்ரூஸ் அறை அறையாகப் போய், உயிர்காப்பு அங்கி அணியுங்கள், படகில் ஏறுங்கள் என்று மன்றாடினார். பணிப்பெண் ஒருவரிடம், பயணிகள் பார்க்கும்படி நீங்களும் அணிந்துகொண்டு நடங்கள் என்றார். கப்பல் 2.20க்கு மூழ்கியது. அவர் உடல் கிடைக்கவில்லை.

அதே வடிவமைப்பில் கட்டப்பட்ட ஒலிம்பிக் கப்பலை 1912 அக்டோபரில் தளத்துக்குக் கொண்டுவந்து, குறுக்குச் சுவர்கள் சிலவற்றை உயர்த்தி, உள்ளே இன்னொரு தோல் அமைத்து, அனைவருக்கும் படகு வைத்தார்கள். அது 1935 வரை கடலில் ஓடியது.