உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி ஜாடியில் 59 ஆண்டுகள்!

● 1828-இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் கடற்கரையில் சர் ஜான் டாலியல் கடல் சாமந்தி (sea anemone) என்னும் கடல்வாழ் உயிரி ஒன்றை எடுத்தார். ‘பாட்டி’ என்று செல்லப்பெயர் பெற்ற அது, எடின்பரோவில் 1887 வரை கண்ணாடி ஜாடியிலேயே வாழ்ந்தது. 1851-இல் டாலியல் மறைந்த பிறகும், அடுத்தடுத்துப் பொறுப்பேற்றவர்கள் அதைக் கண்ணாகக் காத்தார்கள். தவறாமல் மாற்றிய கடல்நீரும் அளவாகக் கொடுத்த சிப்பிச் சதையுமே அதற்குப் போதுமாக இருந்தன.

● கோமாளி மீன் குடியிருக்கும் வெப்பமண்டலச் சாமந்திகளுக்கு இரை மட்டும் போதாது. அவற்றின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் உணவு தயாரித்துப் பங்கு தருகின்றன. எனவே அவற்றை வீட்டுத் தொட்டியில் வளர்க்க வலுவான விளக்கு அவசியம். உடல் வெளுத்தால் அழகென்று மகிழாதீர்கள். பாசியை இழந்து அது பட்டினி கிடக்கிறது.

● புதுத் தொட்டியில் சாமந்தியை உடனே விடக்கூடாது. நீரின் தன்மை நிலைப்படச் சில மாதங்களாவது ஆகும். வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ், உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். ஆவியான நீருக்கு ஈடாகச் சுத்திகரித்த நன்னீரையே ஊற்றுங்கள்.

● இடம் பிடிக்காவிட்டால் சாமந்தி மெல்ல நகரும். பம்பு உறிஞ்சும் வாயில் சிக்கினால் கிழிந்துபோகும். அந்த வாயை நுரைப்பஞ்சால் மூடுங்கள். ஒட்டியிருக்கும் பாதத்தை ஒருபோதும் பிய்த்தெடுக்காதீர்கள்.

● நல்ல பராமரிப்பில் சாமந்தி பல்லாண்டு வாழும். அத்தனை காலமும் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.