வெறுமையின் மேல் அசைவாடும் ஆவி

தொடக்க நூலின் முதல் இரு வசனங்களை, உலகம் தோன்றிய விதத்தை விளக்கும் அறிவியல் குறிப்பாக நாம் வாசிக்கத் தேவையில்லை. அவை ஒரு நம்பிக்கை அறிக்கை. 'படைத்தார்' என்பதற்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'பாரா'. இவ்வினைக்கு எழுவாயாக வருபவர் கடவுள் மட்டுமே.

மண்ணுலகின் தொடக்க நிலையை இரண்டாம் வசனம் 'தோஹு வபோஹு' என்கிறது. உருவற்ற வெறுமை என்பது இதன் பொருள். போரால் பாழாகும் யூதா நாட்டைக் குறிக்க இறைவாக்கினர் எரேமியாவும் (4:23) இதே சொற்களையே பயன்படுத்துகிறார். கி.மு. 586 அளவில் எருசலேம் ஆலயம் எரிக்கப்பட்டது; மக்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டனர். இப்படைப்புப் பகுதி அக்காலத்தையொட்டி எழுத்து வடிவம் பெற்றது என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. அப்படியெனில், வெறுமை என்று கேட்டதும் அம்மக்கள் தங்கள் எரிந்த நகரையே நினைத்திருப்பர்.

அவ்வெறுமையின் மேல்தான் கடவுளின் 'ரூவாஹ்' அசைவாடுகிறது. காற்று, மூச்சு, ஆவி என மூன்று பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. அசைவாடுதலைக் குறிக்கும் வினைச்சொல், இணைச்சட்டம் 32:11-இல் தன் குஞ்சுகள்மேல் சிறகசைக்கும் கழுகுக்கு வருகிறது.

ஒளி தோன்றும் முன்பே ஆவியார் அங்கே இருந்தார். நோயிலும் இழப்பிலும் "கடவுள் எங்கே?" என்று கேட்கிறோமே, இருள் விலகிய பிறகு வருபவரல்லர் நம் இறைவன். இருளின் மேலேயே சிறகு விரித்திருப்பவர் அவர்.